பொடனிக்குப் போட்ட பூஜ்யம்

"சொன்ன நோவு வண்டியேறிப் போயிரும், சொல்லாத நோவு..." என்று எங்கள் பெரியப்பா சொல்வார். சொல்லாத நோவு என்ன செய்யும் என்பதுதான் மறந்துவிட்டது. ரிக் வண்டி வைத்துப் போர்வெல் போட்டவர் அவர். அந்த இரைச்சலிலேயே காலம் தள்ளியதால் எதையும் கத்தித்தான் சொல்வார். கத்திச் சொன்னதே பாதி மறந்துவிட்டது, பாருங்கள்.

உங்களைப் பார்த்ததும் அது ஞாபகம் வந்தது. இடுப்பின் ஒரு பக்கத்தை மட்டும் சீட்டுக்குக் கொடுத்துவிட்டு மறுபக்கத்தைக் காற்றில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். கால்வரை இழுக்கிறதா? தப்பாக நினைக்காதீர்கள், தொழில். நான் பிசியோதெரபிஸ்ட். பெயர் செங்கோட்டுவேல். திருச்செங்கோட்டில் கிளினிக் வைத்திருக்கிறேன். இல்லை, சங்ககிரிவரை வரவில்லை. அதற்கு முன்னால் பழைய ரைஸ்மில் ஸ்டாப்பில் இறங்குவேன். செவ்வாய்க்கிழமைதோறும் அங்கே ஒரு சின்ன வேலை. கார் இருக்கிறது, வீட்டில் நிற்கிறது. பின்னால் திரும்பிப் பார்த்து ரிவர்ஸ் எடுப்பது இப்போது கொஞ்சம்... அதைவிட, பஸ்ஸில் வந்தால் நாலு மனிதர்களைப் பார்க்கலாம்.

வலி எவ்வளவு என்றதும் "பரவாயில்லீங்க" என்றீர்கள் அல்லவா? அந்தப் பரவாயில்லையோடுதான் நான் போன வருஷம் முழுக்க மல்லுக்கட்டினேன். ரைஸ்மில் வருவதற்குள் சொல்லிவிடலாம்.

எட்டாவதுவரை தமிழ் மீடியம், பிறகு இங்கிலீஷ் மீடியம். அப்புறம் இங்கிலாந்தில் லீட்ஸ் பக்கம் ஒரு ஊரில் இருபது வருஷம் வேலை. அங்கே நோயாளி வந்ததும் கையில் ஒரு தாளைக் கொடுப்பார்கள். பத்துக் கேள்வி. தூங்க முடிகிறதா, தூக்க முடிகிறதா, எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது என்று அவரே டிக் அடிக்க வேண்டும். வலி எங்களுடையது இல்லை பாருங்கள், அவருடையது. அதனால் மார்க்கும் அவர்தான் போட வேண்டும். மார்க் அதிகம் என்றால் அவஸ்தை அதிகம். வைத்தியம் முடிந்ததும் மறுபடி அதே தாள். முதல் மார்க்கிலிருந்து கடைசி மார்க்கைக் கழித்தால் முன்னேற்றம். அவ்வளவுதான். முகதாட்சண்யத்துக்கு அதில் இடமே கிடையாது.

ஊருக்குத் திரும்பி வந்ததும் நான் செய்த முதல் காரியம் அந்தத் தாள்களைத் தமிழில் எழுதியது. இடுப்புக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று. மொழிபெயர்ப்பில் குறை சொல்ல முடியாது, நானே செய்தேன். மாவட்டச் சங்கக் கூட்டத்தில் அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். பிசியோதெரபிஸ்டுகள் எல்லோரும் கைதட்டினார்கள். "அருமையான விஷயமுங்க சார்" என்று ஆளுக்கு ஒரு கட்டு வாங்கிப் போனார்கள். ஒருவர்கூடப் பயன்படுத்தவில்லை. "பேஷண்ட் மூஞ்சியப் பாத்தாத் தெரியாதுங்களா?" என்றார் ஒருவர். இன்னொருவர் கிளினிக்குக்குப் போயிருந்தபோது பார்த்தேன், சூடு ஒத்தடம் வைக்கிற தட்டுக்கு அடியில் என் தாளை மடித்து வைத்திருந்தார். தண்ணீரை நன்றாக உறிஞ்சுகிறதாம்.

எங்கள் கிளினிக்கில் மட்டும் கட்டாயம். முதலில் கொஞ்சம் சிரமம் இருந்தது, மறைக்கவில்லை. கழுத்துத் தாளில் கார் ஓட்டுவது பற்றி ஒரு கேள்வி வரும். தறி ஓட்டுகிற நல்லம்மா என்று ஒரு அம்மா. "காரே இல்லீங்களே சாமி" என்றாள். கார் இல்லாததால் கார் ஓட்டுவதில் சிரமமும் இல்லை என்று பூஜ்யம் போட்டோம். இடுப்புத் தாளில் எட்டாவதாகத் தாம்பத்தியம் பற்றி ஒரு கேள்வி. படிக்கத் தெரியாதவர்களுக்கு வரவேற்பில் இருக்கிற ஜோதிமணிதான் வாசித்துக் காட்டுவாள். எட்டாவது வந்ததும் குரலைத் தாழ்த்துவாள். அவள் குரல் தாழ்ந்ததும் ஹால் முழுக்க அமைதியாகிவிடும். ஒரு பெரியவர், "அத அவளத்தான் கேக்கோணுங்க" என்று பக்கத்தில் இருந்த சம்சாரத்தைக் காட்டினார். சம்சாரம் எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கே போய்விட்டாள். அதற்கப்புறம் ஜோதிமணி யாரையும் கேட்பதில்லை, அவளே டிக் அடித்துவிடுகிறாள். எட்டாவது கேள்வியில் எங்கள் கிளினிக்கில் எல்லோருக்கும் பூஜ்யம். அந்த விஷயத்தில் இந்த வட்டாரத்தில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என்னிடம் இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். ஒருவன் நவநீதன், ஒருத்தி கோகிலவாணி. இரண்டு பேரும் நன்றாகப் படித்தவர்கள். சங்ககிரியில் ஒரு கிளை ஆரம்பிப்பதாக இருந்தேன், அதற்கு ஒருவர் பொறுப்பு. கோகிலவாணி வாய்விட்டே கேட்டாள். "சார், என்ற ஊடு ரைஸ்மில் ஸ்டாப்புலங்க. புள்ளைய மாமியாகிட்ட உட்டுட்டு, தெனமும் பஸ்ஸேறி வர்றேன். அந்தக் கிளை எனக்குக் கெடச்சா நடந்தே போயிருவனுங்க." நவநீதன் வாய்விட்டுக் கேட்கவில்லை. கிளை பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் டேபிளைத் துடைப்பான்.

நான் இரண்டு பேரையும் கூப்பிட்டுச் சொன்னேன்: "முகம் பார்த்து முடிவெடுக்க மாட்டேன். வருஷ முடிவில் உங்கள் நோயாளிகள் போட்ட மார்க் முடிவு செய்யும்."

கோகிலவாணி, "சந்தோசமுங்க சார்" என்றாள். நவநீதன் டேபிளைத் துடைத்தான்.

நவநீதனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பண்பான பையன். ஒத்தடம் வைத்தால் வைத்ததே தெரியாது. கடைசி நாளில் தாளை அவனே கொண்டுபோய்க் கொடுப்பான். கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்பான். "இப்பத் தேவலைங்களாம்மா?" என்பான். "உன்ற கை பட்டதே போதும் சாமி" என்று மளமளவென்று பூஜ்யமாகப் போடுவார்கள். ஒரு தாளில் ஓரத்தில் "தம்பி நல்லா இருக்கணும்" என்றுகூட எழுதியிருந்தது. அவனிடம் ஒருமுறை முடித்தவர்கள் திரும்பி வருவதே இல்லை. குணமானவர்கள் எதற்குத் திரும்பி வருவார்கள்?

நல்லம்மா என்றேனே, அவள்கூட அவனிடம் பூஜ்யம் போட்டுவிட்டுத்தான் போனாள். கொஞ்ச நாளில் அவளை ஒரு கட்டு வைத்தியசாலை வாசலில் பார்த்தேன். என்னைக் கண்டதும் முந்தானையைப் பொடனிக்கு, அதுதான் பின்கழுத்துக்கு, மேலே இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "ஒரம்பரை ஒருத்தரக் கூட்டியாந்தனுங்க" என்றாள். விருந்தாளி யாரும் கண்ணில் படவில்லை. எண்ணெய் வாசம் அவள் பக்கமிருந்துதான் வந்தது. கூட்டி வந்தவர்களுக்கும் சேர்த்துத் தடவுவார்கள் போலிருக்கிறது.

கோகிலவாணி வேறு மாதிரி. சத்தம் போடுவாள். பெஞ்சில் கிடப்பது யார் என்றெல்லாம் பார்க்க மாட்டாள். நடுவில் முறுக்குத் தின்பாள். தாளை அப்படியே கொடுக்காமல் தோண்டித் தோண்டிக் கேட்பாள். "கொடத்த எறக்கி வெக்கறப்ப வலிக்குதா, எடுக்கறப்பவா? பொய் சொன்னீன்னா எனக்குத் தெரியும்." அவளுடைய நோயாளிகளின் முதல் மார்க் எல்லாம் மலை மாதிரி இருக்கும். திரும்பத் திரும்ப வேறு வருவார்கள்.

மாரப்பன் என்று ஒரு ரிக் டிரைவர் வந்தார். முதல் நாள் அவர் போட்டதே ரொம்பக் குறைச்சல். ஒரு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் மார்க் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. கோகிலவாணியைக் கூப்பிட்டேன்.

"என்னம்மா இது? வைத்தியம் பார்க்கப் பார்க்க வலி கூடுமா?"

"கூடலைங்க சார். மொத நாளே அவ்வளவுதான் இருந்துச்சு. அன்னைக்கு மறச்சுட்டாரு. இப்பத்தான் நெசத்தச் சொல்றாரு."

"ஏன் மறைக்கணும்?"

"சீசன் ஆரம்பிக்குதுங்களே. இடுப்பு வலின்னு தெரிஞ்சா மொதலாளி வேற டிரைவர ஏத்தி உட்டுருவாரு. வண்டி மத்தியப் பிரதேசம் போயிருச்சுன்னா அப்பறம் மழைக்குத்தான் திரும்பும். அவரு ஊட்டுல உக்காந்திருக்க வேண்டியதுதான்."

நான் நியாயஸ்தன். மாரப்பனையே நேரில் கேட்டேன். பெரியப்பா சொன்னதையும் சொன்னேன், சொன்ன நோவு வண்டியேறிப் போயிரும் என்று.

மாரப்பன் சிரித்தார். "சொன்னா நோவு வண்டியேறாதுங்க, வேற டிரைவர் ஏறுவான். எங்களுக்குச் சொல்லாத நோவுதானுங்க சோறு போடுது."

இல்லை, பெரியப்பா சொன்னது அது இல்லை. வேறு என்னவோ.

"அப்ப இப்ப மட்டும் ஏன் சொன்னீங்க?"

"அந்தம்மா உடமாட்டீங்குதுங்களே! டயரக் கழட்டறப்பக் குத்தவெச்சுக் கழட்டறயா, மண்டி போட்டுக் கழட்டறயான்னு கேக்குது. பைப்பத் தூக்கறப்ப எந்தக் கால முன்னால வெப்பேங்குது. அதுக்கு எங்கெங்க பொய் சொல்றது? ரெண்டாவது கேள்வியிலயே மாட்டிக்கிட்டனுங்க."

அதாவது, தாளில் இல்லாத கேள்விகளை எல்லாம் கேட்டிருக்கிறாள். அப்படிக் கேட்கக் கூடாது என்பதற்குத்தானே தாள்?

அவருக்கு அவள் சொல்லிக்கொடுத்ததைச் செய்துகொண்டு மாரப்பன் அந்த சீசனுக்கு வண்டியேறிவிட்டார். கடைசித் தாள் எழுதுவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. மத்தியப் பிரதேசத்திலிருந்து கோகிலவாணிக்குப் போன் பண்ணினாராம். இடுப்பு நன்றாக இருக்கிறது, படுத்தால் தூக்கம் வருகிறது, அவள் பிள்ளைக்கு என்ன வாங்கி வரட்டும் என்று. போனில் சொல்வதை எல்லாம் கணக்கில் எடுக்க முடியாது. ஏறிய மார்க் ஏறியபடியே இருந்தது.

இதற்கிடையில் எனக்குக் கழுத்தில் ஒரு சின்னப் பிடிப்பு. எங்கள் தொழிலில் சகஜம், நாள் முழுக்கக் குனிந்தே நிற்கிறோம். வலது கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் கொஞ்சம் மரமரப்பு. ஒருநாள் காபி டம்ளர் கையிலிருந்து விழுந்தது. வழுக்கலான டம்ளர். நோயாளியின் முதுகில் கை வைத்தால் எலும்பு எங்கே, தசை எங்கே என்று அந்த இரண்டு விரலுக்கு மட்டும் தெரியவில்லை. எனக்கு இருப்பது இந்தக் கை ஒன்றுதான், அதனால் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன்.

நவநீதனிடம் காட்டியிருப்பேன். அன்றைக்கு அவன் கொஞ்சம் பிஸி. கோகிலவாணியிடம் போய் உட்கார்ந்தேன்.

"தாள எழுதிட்டு வாங்க சார். கட்டாயம்னு நீங்கதான சொன்னீங்க" என்றாள்.

எழுதினேன். எங்கே வைத்து எழுதினேன் தெரியுமா? ஜோதிமணியின் டேபிளில். ஜோதிமணி எங்கள் தெருப் பெண். அவளிடம் ஒரு விஷயம் போனால் அன்று சாயங்காலம் தேர்வீதி முழுக்கத் தெரிந்துவிடும். பொடனி வலிக்கு வைத்தியம் பார்க்கிறவனுக்கே பொடனி வலி என்றால் கிளினிக் என்னாவது? ஒரு பொறுப்பில் இருக்கிறவன் நாலையும் யோசிக்க வேண்டும். பத்துக் கேள்விக்கும் பூஜ்யம் போட்டேன்.

கோகிலவாணி தாளைப் பார்த்தாள், என் கழுத்தைப் பார்த்தாள்.

"தூக்கமே இல்லைன்னு இப்பத்தானுங்க சொன்னீங்க. இங்க 'தூக்கத்தில் எந்தச் சிரமமும் இல்லை'ன்னு போட்டிருக்கீங்க?"

"அது கொசுவால."

"வெரல் மரமரப்பு?"

"மொபைல் பார்க்கிறதால."

"இதக் கிழிச்சுட்டு வேற தாள் தரட்டுங்களா? நான் யார்கிட்டயும் சொல்லமாட்டனுங்க."

"எழுதினது எழுதினதுதாம்மா."

அவள் தாளை ஓரமாக வைத்துவிட்டுக் கழுத்தில் கை வைத்தாள். நவநீதன் கை மாதிரி இல்லை, வலித்தது. திட்டினாள் வேறு. "தோள எறக்குங்க சார். பொண்ணு பாக்கப் போனவராட்டம் ஏன் இப்படி வெரச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க?" ஹாலில் யாரோ சிரித்தார்கள். வீட்டில் செய்ய வேண்டியதைச் சொன்னாள். மறுவாரம் வந்ததும் செய்தீர்களா என்று கேட்டாள். செய்தேன் என்றேன். "செஞ்ச கழுத்து இப்படி இருக்காதுங்க" என்று சொல்லி அங்கேயே செய்ய வைத்தாள். அதற்கடுத்த வாரங்களிலும் நவநீதன் பிஸியாகத்தான் இருந்தான். ஒவ்வொரு வாரமும் எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் அவளிடம் போனேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும், சரியாகிவிட்டது. டம்ளர் கையில் நின்றது. விரலுக்கு எலும்பு தெரிந்தது. திரும்பிப் பார்த்துக் காரை ரிவர்ஸ் எடுத்தேன். ராத்திரி தூங்கினேன். கொசு என்னவோ இருக்கத்தான் செய்தது.

கடைசித் தாள் எழுதினேன். பத்துக்கும் பூஜ்யம். இந்தத் தடவை அது சத்தியம்.

வருஷக் கடைசியில் ஜோதிமணி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். நான் நினைத்ததற்கு மாறாக, மாரப்பன் கணக்கையும் மீறிக் கோகிலவாணி ஒரு மயிரிழை முன்னால் இருந்தாள். அவளுடைய ஆட்களின் முதல் மார்க் மலையாக இருந்ததால் இறக்கமும் பெரிதாகத் தெரிந்தது. ஜோதிமணிக்கு ஒரே சந்தோஷம். அவளும் கோகிலவாணியும் ஒரே டிபனில் சாப்பிடுகிறவர்கள்.

"அவ்வளவுதானுங்களா சார்? முடிச்சரட்டுங்களா?"

கோகிலவாணியின் தாள்கட்டில் இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. என் தாள்.

"இதையும் போடு" என்றேன்.

"உங்க தாளுங்களா? நீங்க ஓனருங்களே சார். இத எதுக்குங்க சேத்தோணும்?"

"ஓனர் என்பதற்காக விட்டால் அது பாரபட்சம். நானும் அவள் பார்த்த நோயாளிதானே?"

ஜோதிமணி என்னைப் பார்த்தாள். நான் ஸ்கிரீனைப் பார்த்தேன். அவள் தட்டினாள். முதல் மார்க் பூஜ்யம். கடைசி மார்க் பூஜ்யம். முன்னேற்றம் பூஜ்யம். சராசரி ஒரு சொட்டு இறங்கியது. கோகிலவாணி ஒரு மயிரிழை பின்னால் போனாள்.

அன்று சாயங்காலம் கோகிலவாணி என் அறைக்கு வந்தாள். ஜோதிமணி சொல்லியிருப்பாள், அவளிடம் எதுதான் நிற்கும்? சண்டை போடப்போகிறாள் என்று நினைத்து நான் தண்ணீர் குடித்து வைத்துக்கொண்டேன். சண்டை இல்லை.

"பொடனி எப்படிங்க சார் இருக்குது?"

"நல்லா இருக்கும்மா."

"நெசமாவா?"

"நெசமா. ரிவர்ஸ்கூட எடுக்கிறேன்."

"அதத் தாள்ல போட்டீங்களா?"

"போட்டேனே. தாள்ல மொதல்ல இருந்தே நல்லாத்தான இருந்துச்சு?"

அவள் சிரித்தாள். எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. "உங்க முடிவு எப்படியோ இருக்கட்டுங்க சார். நான் சொல்லிக் குடுத்தத உடாமச் செய்யுங்க. செய்யமாட்டீங்க, எனக்குத் தெரியும். திரும்ப வந்துரும். வந்துச்சுன்னா வெக்கப்படாம ஊட்டுக்கு வாங்க. இனி முன்னால ரூம்புல ஒரு பெஞ்சு போட்டுப் பாக்கறதுன்னு வெச்சிருக்கறனுங்க. அங்க தாள் கெடையாது." டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஆறு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அன்றைக்கு ரொம்ப நேரம் நான் அறையிலேயே உட்கார்ந்திருந்தேன். யோசிக்காமல் செய்கிற ஆள் இல்லை நான். சொன்ன நோவு வண்டியேறிப் போயிரும், சொல்லாத நோவு... அன்றைக்கும் அதற்கு மேல் வரவில்லை. உங்களுக்கு யாராவது பெரியவர்கள் சொல்லி ஞாபகம் இருக்கிறதா? இல்லையா? போகட்டும்.

இந்தப் பையைக் கொஞ்சம் பிடியுங்கள், எழுந்துகொள்கிறேன். வலது கையில் பிடித்தால் சில சமயம் நழுவுகிறது. உங்கள் இடுப்பை அலட்சியம் பண்ணாதீர்கள். சங்ககிரியில் எங்கள் கிளை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலேயே இருக்கிறது, என் பெயரைச் சொல்லுங்கள், தாள் கொடுப்பார்கள். நானா? நான் இங்கேயே இறங்குகிறேன் என்றேனே, செவ்வாய்க்கிழமை வேலை. ஹோல்டான், ரைஸ்மில் ஸ்டாப்!

என்ன கேட்டீர்கள்? ஆமாம், அதைச் சொல்லவே இல்லை.

கிளையை நவநீதனுக்குக் கொடுத்தேன்.